முதல் கையெழுத்தை நம்பி இன்னும் எத்தனை காலம்?



பொம்மையார்பாளையத்தை உங்களில் பலர் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். ஆனால் அந்த ஊரின் விசித்திரத்தைக் கவனித்திருக்க மாட்டீர்கள். புதுச்சேரியின் முத்தியால்பேட்டையைத் தாண்டியதும் நம் கோட்டக்குப்பம். அது தமிழ்நாடு. முதலியார்சாவடிகளைக் கடந்தால் பொம்மையார்பாளையம். அதுவும் தமிழ்நாடு. இன்னும் சற்றே வடக்கே போனால் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு. அது மறுபடியும் புதுச்சேரி! கிழக்கே கடல். தெற்கிலும் வடக்கிலும் ஓர் ஆட்சி, நடுவிலே வேறோர் ஆட்சி. மதுக்கடை என்று வரும்போது இந்த மீனவ மக்கள் ஒன்றல்ல, இரண்டு கஜானாக்களுக்கு வாடிக்கையாளர்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நாங்கள் சிலர் மதுவிலக்குக் கோரிக்கை மனுவை எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குக் கையெழுத்து வாங்கப் போனோம். இளைஞர்கள் ஆர்வமாகப் போட்டார்கள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு தாய் மட்டும் பேனாவை வாங்கவில்லை.

"கையெழுத்து இன்னா பாய், எத்தினி வாட்டி போட்றது? ஓட்டுக் கேட்டு வர்றவங்க எல்லாம் மொத கையெழுத்து அதுக்குத்தான்னு சொல்லிட்டுத்தான் போறாங்க. சரி, போட்டுட்டாங்கன்னே வெச்சுக்கோ. இங்க மூடுவாங்க. எங்க ஊட்டுக்காரரு காலாப்பட்டுக்கு நடந்தே போவாரு. அங்க வெலையும் கம்மி. அதுக்கு இன்னா பண்ணுவ?"

என்னிடம் பதில் இல்லை. மிம்பரில் நின்று மதுவின் தீமையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தெரிந்தவனுக்கு அந்த ஒற்றைக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கத்தான் இந்தக் கட்டுரை.

எத்தனை கையெழுத்துகள்!

ஆள்பவர் மாறினால் போதைப் பொருள் பற்றிய சட்டமும் மாறும் என்பதைத் தமிழ்நாட்டைப் போல் பட்டு அறிந்த மண் வேறு இருக்க முடியாது. 1937ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் யார் தெரியுமா? நம் திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர் மண்ணின் மைந்தர் ராமசாமி ரெட்டியார்! இந்த மாவட்டத்து மனிதர் ஒருவர் பொறுப்பில் இருந்தபோது பூட்டப்பட்ட கடைகள் 23 ஆண்டுகள் பூட்டியே இருந்தன. ஒரு தலைமுறையே கடையைக் காணாமல் வளர்ந்தது.

1971 ஆகஸ்டில் கலைஞர் கருணாநிதி அவர்களின் அரசு அந்தப் பூட்டைத் திறந்தது. புதிதாக மதுவிலக்கைக் கொண்டு வரும் மாநிலங்களுக்கு மானியம் தருவோம், ஏற்கெனவே நடைமுறைப்படுத்தும் மாநிலத்துக்குத் தர மாட்டோம் என்று டெல்லி சொன்னது என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். காரணத்தில் நியாயம் இருக்கலாம். முதுமையிலும் ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். கேட்கப்படவில்லை. திறந்தவரே 1974ல் மூடினார். 1981ல் எம்.ஜி.ஆர் திறந்தார். 1983ல் டாஸ்மாக் பிறந்தது. 1987ல் சாராயமும் கள்ளும் மட்டும் நிறுத்தப்பட்டன. 1990ல் மலிவு விலை மது வந்தது. 1991ல் முதல்வராகப் பொறுப்பேற்ற ஜெயலலிதா அவர்கள் முதல் கையெழுத்திலேயே அதை ஒழித்தார். தாய்மார்கள் கும்பிட்டார்கள். அதே அம்மையாரின் ஆட்சியில்தான் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையே அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது! 2016ல் மீண்டும் பொறுப்பேற்றதும் 500 கடைகளை மூடும் கோப்பில் கையெழுத்து. 2017ல் எடப்பாடி பழனிசாமி வந்ததும் இன்னொரு 500. 2023ல் மு.க. ஸ்டாலின் ஆட்சியில் மற்றொரு 500.

படிக்கும்போதே தலை சுற்றுகிறதா? சுற்றத்தான் செய்யும்.

இத்தனை மூடல்களுக்கும் பிறகு 2023ல் மிஞ்சிய கடைகள் 4,829. டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கு வந்த முதல் ஆண்டான 2003-04ல் அரசுக்குக் கிடைத்தது சுமார் 3,600 கோடி ரூபாய். 2023-24ல் கிடைத்தது 45,000 கோடிக்கும் மேல்! கடைகள் குறைகின்றன, கல்லாப்பெட்டி மட்டும் நிரம்புகிறது. அப்படியானால் மூடப்பட்டது என்ன? மூடியவர்களே சொல்லட்டும்.

இங்கே ஒரு சிறு செய்தி. கள்ளுக்கடை வருமானம் போனால் அரசை எப்படி நடத்துவது என்று கேட்டபோது ராஜாஜி அதற்கு ஒரு மாற்று கண்டார். 1939ல் வந்த விற்பனை வரி அதுதான். கடையை மூடுவதற்கென்று வந்த அந்த வரி பெயர் மாறி, உருவம் மாறி இன்றும் நம் கடைச் சீட்டில் நிற்கிறது. கடையும் நிற்கிறது! சாராய வருமானத்துக்குப் பதிலாகப் பிடித்த காசையும் விடவில்லை, சாராயக் காசையும் விடவில்லை. இந்தக் கணக்கை எந்த மேடையிலாவது யாராவது கேட்டார்களா?

பக்கத்து மாநிலங்களில் மட்டும் என்ன வாழ்கிறது? ஆந்திராவில் நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டாவின் ஏழைப் பெண்கள் 1992ல் சாராயக் கடைகளுக்கு எதிராகக் கிளம்பினார்கள். அந்த அலையில் 1994ல் வென்ற என்.டி.ஆர் பதவியேற்ற அன்றே மதுவிலக்குக் கோப்பில் கையெழுத்திட்டார். அவருடைய மருமகன் சந்திரபாபு 1997ல் அதைத் தளர்த்தினார். மாமனாரின் கையெழுத்து மருமகனிடம் மூன்று ஆண்டுகள்கூடத் தங்கவில்லை. கேரளாவில் 2014ல் உம்மன் சாண்டி அரசு பார்களை மூடியது, 2017ல் அடுத்து வந்த இடதுசாரி அரசு திறந்தது. குஜராத்தில் மட்டும் மாநிலம் பிறந்த 1960லிருந்து சட்டம் நிற்கிறது. அங்கும் 2023 டிசம்பரில் 'கிஃப்ட் சிட்டி' என்ற பணக்காரர்களின் வளாகத்துக்குச் சலுகை கொடுத்தாகிவிட்டது.

ஜனாதிபதியே மாறினால்?

முதலமைச்சர் மாறினால் இப்படி. ஒரு நாட்டின் ஜனாதிபதியே மாறினால் என்ன நடக்கும்?

அமெரிக்காவில் 1920 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. சாதாரணச் சட்டமல்ல, அரசியல் சாசனத்தையே திருத்திக் கொண்டு வந்தார்கள். ஆனால் கள்ளத்தனமாகக் காய்ச்சுபவனும் கடத்துபவனும் கொழுத்தார்கள். 1929ல் பொருளாதாரம் விழுந்தது. வேலையில்லை, வரி வருமானமில்லை. 1932 தேர்தலில் ஹூவர் தோற்று ரூஸ்வெல்ட் வென்றார். மதுவிலக்கை நீக்குவோம் என்பது அவருடைய கட்சியின் வாக்குறுதி. 1933 மார்ச் 4ல் பதவியேற்றவர் அந்த மாதம் முடிவதற்குள் பீருக்கு அனுமதி கொடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டுவிட்டார். டிசம்பர் 5ல் மதுவிலக்கே போய்விட்டது. பதினான்கு ஆண்டுகள் அரசியல் சாசனத்தில் இருந்த ஒன்று ஒன்பது மாதத்தில் துடைக்கப்பட்டது. அமெரிக்க மக்கள் மனம் மாறி மதுவை விட்டிருந்தால் எந்த ரூஸ்வெல்ட்டாலும் அவர்களைக் குடிக்க வைத்திருக்க முடியாது. மனத்தைத் தொடாமல் புட்டியை மட்டும் தொட்ட சட்டம் அது.

நமக்கு மிக அருகில் இலங்கை. அங்கே நடந்தது வேறு விதம். 1976க்குப் பிறகு அந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 2019 ஜூனில், போதைப் பொருள் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றிருந்த நான்கு பேரைத் தூக்கிலிடக் கையெழுத்திட்டுவிட்டதாக அறிவித்தார். அதற்கு முன்புதான் பிலிப்பைன்ஸ் போய், அங்கே ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் சுட்டுக் கொன்ற துதர்தேயின் 'போதை ஒழிப்புப் போரை'ப் பாராட்டிவிட்டு வந்திருந்தார். உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. நால்வரின் கழுத்தும் தப்பியது. பின்னர் 2022 ஜூலையில் ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். அடுத்த மாதமே அரசு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் எழுந்து, இந்த ஜனாதிபதி மரண தண்டனையில் கையெழுத்திட மாட்டார் என்று சொன்னார்.

பார்த்தீர்களா? குற்றம் அதுவே, சட்டம் அதுவே, சிறையும் அதுவே. நாற்காலியில் இருந்தவர் மாறினார், நான்கு உயிர் இருந்தது. அதற்காக ரணிலைப் பெரிய கருணையாளர் என்று எண்ணிவிட வேண்டாம். 2023 டிசம்பரில் அவருடைய ஆட்சியில்தான் 'யுக்திய' என்ற பெயரில் ஆயிரக்கணக்கான ஏழை இளைஞர்கள் வாரிக்கொண்டு போகப்பட்டார்கள். ஐ.நா. மனித உரிமை நிபுணர்களே கண்டித்தார்கள். துதர்தேயின் கதையும் தெரிந்ததுதான். பதவி போன பின் 2025 மார்ச்சில் கைது செய்யப்பட்டு ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்துக்குக் கொண்டு போகப்பட்டார். தெருவில் செத்தவர்களின் தாய்மார்களுக்குப் பிள்ளைகள் திரும்பவில்லை.

ஆக, ஆள் மாறினால் எதுவும் மாறாது என்று சொல்பவர்களை நான் ஏற்கவில்லை. மாறும். உயிரே போகும், உயிரே மிஞ்சும். எனவேதான் யாருக்கு ஓட்டு என்பது நமக்கு மார்க்கத்தோடு சம்பந்தமுள்ள பொறுப்பாகிறது. ஆனால் ஒரு பேனா எழுதியதை அடுத்த பேனா அடித்துவிடும் என்பதும் அதே அளவு உண்மை.

எல்லையில் நாம் கண்ட பத்து மாதம்

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அந்தக் கேள்விக்கான விடை எங்கோ வாஷிங்டனிலோ கொழும்பிலோ இல்லை, நம் கோட்டக்குப்பம் எல்லையிலேயே ஒரு முறை வந்து போயிருக்கிறது. நாம்தான் கவனிக்கத் தவறிவிட்டோம்.

கொரோனா ஊரடங்கு ஞாபகம் இருக்கிறதா? 2020 மே மாதக் கடைசியில் புதுச்சேரியில் மதுக்கடைகள் திறக்கப்பட்டபோது, அப்போதைய துணைநிலை ஆளுநர் கிரண் பேடி ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றார். தமிழ்நாட்டில் விற்கும் அதே சரக்கு புதுச்சேரியிலும் அதே விலைக்குத்தான் விற்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லை தாண்டிக் கூட்டம் வந்து நோயைப் பரப்பும் என்றார். சிறப்புக் கலால் வரி போடப்பட்டது. நாராயணசாமி அரசுக்கும் ஆளுநருக்கும் எல்லாவற்றிலும் சண்டை, இதிலும் சண்டை. அந்த அம்மையாரின் மற்ற செயல்கள் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும் அல்லவா? அந்தப் பத்து மாத காலம் மாலை நேரத்தில் எல்லையை நோக்கிப் போகும் அந்தக் கூட்டத்தைக் காணோம். இரு சக்கர வண்டியின் இருக்கைக்கு அடியில் புட்டிகளை அடுக்கிக்கொண்டு வருபவர்களைக் காணோம். லாபமில்லாத கடத்தலை எவன் செய்வான்?

2021 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் மாளிகையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. கிரண் பேடி விடுவிக்கப்பட்டார். தெலங்கானா ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் கூடுதல் பொறுப்பேற்றார். ஏப்ரலில் அந்தச் சிறப்பு வரி முடிவுக்கு வந்தது. பழைய விலை வந்தது. பழைய கூட்டமும் வந்தது! அதன் பிறகு ரெஸ்டோ பார் என்ற புதுப் பெயரில் குடியிருப்புகளின் நடுவிலே கடைகள் பெருகின. தூங்க முடியவில்லை என்று புதுச்சேரி மக்களே தெருவுக்கு வந்தார்கள்.

சகோதரர்களே, சற்று நிதானித்து யோசியுங்கள். எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை போலீஸ், எத்தனை வழக்கு! எதுவும் செய்யாததை விலை ஒன்று செய்தது. எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே விலை என்றால் பொம்மையார்பாளையத்தில் மூடப்படும் கடைக்கு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் அது தமிழ்நாட்டு கஜானாவிலிருந்து புதுச்சேரி கஜானாவுக்கு அந்த மீனவத் தாயின் வீட்டுக்காரரை மாற்றிவிடுவதுதான். புதுச்சேரி யூனியன் பிரதேசம். அதன் ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர். நியமிக்கச் சொல்வது டெல்லி அரசு. மதுவிலக்கை நோக்கி அரசு முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47வது பிரிவு சொல்வது டெல்லிக்கும் சேர்த்துத்தான். சென்னையை மட்டும் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற நாம் டெல்லியை எப்போதாவது கேட்டோமா? கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கள்ளச்சாராயம் என்ற பூச்சாண்டி

மதுவிலக்கு என்று வாயெடுத்ததும் ஒரு பதில் தயாராக இருக்கும். "கடையை மூடினால் கள்ளச்சாராயம் பெருகிவிடும், சாவுகள் நடக்கும்."

நம் பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே இதே கடற்கரையில், மரக்காணம் பக்கத்தில் எக்கியார்குப்பம் இருக்கிறது. 2023 மே மாதம் அங்கே மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து மீனவர்கள் துடித்துச் செத்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவு. இரண்டும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள். அடுத்த ஆண்டு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஒரு காலத்தில் நம் விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்த ஊர்தான் அது.

இந்தச் சாவுகள் நடந்தபோது தமிழ்நாட்டில் மதுவிலக்கா இருந்தது? டாஸ்மாக் ஆயிரக்கணக்கில் திறந்துதானே இருந்தது? கடை திறந்திருக்கும்போதே ஏழை ஏன் பாக்கெட்டைத் தேடிப் போனான்? டாஸ்மாக் குவார்ட்டருக்குக் கொடுக்க அவனிடம் காசில்லை. கூலியில் பாதியைக் கடையிலே விட்டுப் பழகியவன், மீதியும் தீர்ந்த நாளில் பாக்கெட்டை வாங்கினான். அவனுக்குக் குடிக்கக் கற்றுக் கொடுத்தது யார்? செத்த பிறகு குடும்பத்துக்குப் பத்து லட்சம் தந்தார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுபவனுக்கு ஆயுள் தண்டனை என்று 2024ல் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்லது. வரவேற்கிறோம். அவனுக்கு ஆயுள் தண்டனை, முத்திரை ஒட்டி விற்பவருக்கு 45,000 கோடியா என்று நாம் கேட்டால் கோபப்படுகிறார்கள்.

ஆனால் நீதமாகப் பேசுவதென்றால் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். பீகாரில் 2016 ஏப்ரலிலிருந்து மதுவிலக்கு இருக்கிறது. 2022 டிசம்பரில் அங்கே சாரன் மாவட்டத்தில் விஷச் சாராயம் எழுபது பேர் அளவில் பலி கொண்டது. சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். எனவே இன்றிரவு சட்டம் போட்டு நாளைக் காலை பூட்டிவிடுங்கள் என்று கேட்பவன் நான் இல்லை. அப்படிக் கேட்பது மேடைக்கு நன்றாக இருக்கும், எக்கியார்குப்பத்துக்கு நன்றாக இருக்காது.

மதீனாவில் எப்படி நடந்தது?

அப்படியானால் இஸ்லாம் எப்படிச் செய்தது? அரபு மக்களைப் போல் மதுவில் ஊறிய சமுதாயம் அன்று இல்லை. அல்லாஹ் நாடியிருந்தால் முதல் நாளே தடை இறங்கியிருக்கும். இறங்கவில்லை. அதில் சிறிது பயனும் உண்டு, ஆனால் பயனைவிடக் கேடு பெரிது என்று முதலில் சிந்திக்க வைக்கப்பட்டார்கள். பிறகு போதையோடு தொழுகையை நெருங்கக் கூடாது என்ற கட்டளை வந்தது. ஐந்து வேளை தொழுகிறவனுக்குப் பகலில் குடிக்க நேரம் எங்கே இருக்கிறது? நாளில் பெரும்பகுதி தானாகவே போதையிலிருந்து விடுபட்டது. கடைசியில்தான் முழுத்தடை. இடையில் ஆண்டுகள் ஓடியிருந்தன.

அந்த நாளைப் பற்றி அனஸ் (ரலி) அவர்கள் சொல்வதைக் கேட்காத முஸ்லிம் இருக்க மாட்டார். அபூ தல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் மது பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தெருவில் அறிவிப்புச் சத்தம் கேட்டது. என்னவென்று பார்த்து வரச் சொன்னார்கள். தடை வந்துவிட்டது என்று தெரிந்ததும் கொட்டிவிடு என்றார்கள். மதீனத்துத் தெருக்களில் மது ஓடியது. சோதனைச் சாவடி இல்லை, ஆயுள் தண்டனைச் சட்டம் இல்லை. வாயருகே கொண்டு போன கோப்பை கீழே இறங்கியது.

இதை நாம் மீலாது மேடையில் சொல்லிப் பூரித்துப் போகிறோம். இதில் உள்ள இன்னொரு பக்கத்தைச் சொல்வதில்லை. அந்த மதீனாவில் ஆட்சியாளரின் கருவூலம் மதுவை நம்பி இருக்கவில்லை! மதுவின் பெயரால் சபிக்கப்பட்ட பத்துப் பேரின் பட்டியலில் குடிப்பவர் மட்டுமா இருக்கிறார்? பிழிபவர், சுமப்பவர், விற்பவர், அதன் கிரயத்தை உண்பவர் எல்லோரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். கிரயத்தை உண்ணும் அரசு எப்படி மூடும்? எந்தக் கட்சியின் அரசாக இருந்தால் என்ன?

நம் வீட்டுக் கதை

சமுதாயத்தைப் பார்த்தும் இரண்டு வார்த்தை. கோபிக்க வேண்டாம்.

கூட்டணிப் பேச்சு வந்தால் எத்தனை தொகுதி, எந்தச் சின்னம், வாரியத்தில் யாருக்கு இடம் என்று கேட்கிறோம். எல்லாம் நியாயமான உரிமைகள். அந்தப் பேச்சில் என்றைக்காவது மதுவை நிபந்தனையாக வைத்தோமா? மேடையில் மதுவிலக்குத் தீர்மானம், பேச்சுவார்த்தை அறையில் மௌனம்! கேட்டால், அது எல்லோருடைய பிரச்சினை, நாம் மட்டும் ஏன் என்கிறார்கள். எல்லோருடைய பிரச்சினை என்பதால்தான் நாம் முதலில் கேட்க வேண்டும். நமக்காக மட்டும் கேட்பவர்கள் என்ற பழி நீங்க இதைவிட நல்ல கோரிக்கை எது?

இன்னொன்று. நம்மில் குடிப்பவன் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் காலம் போய்விட்டது. எந்த ஊர் ஜமாஅத் தலைவரையாவது தனியே அழைத்துக் கேளுங்கள். விவாகரத்துப் பஞ்சாயத்துகளில் எத்தனைக்குக் காரணம் குடி என்று அவர் சொல்வார். புட்டி நாற்றம் வரும் என்பதால் மாத்திரைக்குப் போன பிள்ளைகளும் இருக்கிறார்கள். வலிக்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். தாய்க்குத் தெரிவதில்லை. பிள்ளைக்கு வாயில் வாடை இல்லையே என்று நிம்மதியாக இருக்கிறாள். மருந்துச் சீட்டில்லாமல் அதை விற்கும் கடைக்காரர் யார்? நம் கூல் லிப், ஹான்ஸ் பொட்டலங்களைப் பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால் வைத்து விற்பவர் யார்? சில இடங்களில் அவர் முதல் ஸஃப்பில் நிற்பவர். அவரிடம் பள்ளிவாசலுக்கு நன்கொடை வாங்கும்போது நாமும் ஒரு சின்ன டாஸ்மாக் கஜானாதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஜமாஅத்தில், குடிப்பவருக்கு நிக்காஹ் தப்தர் தருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். நல்ல எண்ணம். ஆறு மாதத்தில் என்ன நடந்தது? அந்தப் பையன்கள் பள்ளிவாசல் பக்கம் வருவதை நிறுத்தினார்கள், அவ்வளவுதான். குடி நிற்கவில்லை. பிறகு ஒரு மூத்த ஹஜ்ரத் சொன்னபடி முடிவை மாற்றினார்கள். அரசு மருத்துவமனையின் போதை மறுவாழ்வுப் பிரிவுக்கு ஜமாஅத்திலிருந்து ஒருவர் கூடவே போய் உட்கார்ந்து வைத்தியம் பார்க்க வைக்க வேண்டும், பிறகு நிக்காஹ் என்று. போனவர்களில் சிலர் திருந்தினார்கள், சிலர் மறுபடியும் விழுந்தார்கள். விழுந்தவர்களை மறுபடியும் கூட்டிக்கொண்டு போகிறார்கள். இது மேடையில் கைதட்டல் வாங்கும் வேலை அல்ல.

மனுவை மாற்றினோம்

அந்த மாலை பொம்மையார்பாளையத்திலிருந்து திரும்பியதும் நாங்கள் உட்கார்ந்து பழைய மனுவைக் கிழித்துப் போட்டோம். "உடனடியாகப் பூரண மதுவிலக்கை அமல்படுத்து" என்ற ஒற்றை வரி அதில் இருந்தது. புதிதாக எழுதினோம். கடைகளை மூடுவதை எந்த முதல்வரின் முதல் கையெழுத்துக்கும் விட்டுவிட வேண்டாம், எந்த ஆண்டு எத்தனை கடை என்ற கால அட்டவணையோடு சட்டமன்றத்தில் சட்டமாக நிறைவேற்றுங்கள் என்று கேட்டோம். அடுத்து வருபவர் மாற்ற வேண்டுமென்றால் அவரும் சட்டமன்றத்தில் எழுந்து நின்று காரணம் சொல்லித்தான் மாற்ற வேண்டும். பேனாவால் அடித்துவிட்டுப் போக முடியாது. ஒவ்வொரு ஆண்டும் குறையும் வருமானத்துக்கு என்ன மாற்று என்பதை நிதிநிலை அறிக்கையிலேயே எழுதுங்கள், 1939ல் ஒருவர் எழுதிக் காட்டியிருக்கிறார் என்று சேர்த்தோம். மாவட்ட மருத்துவமனையோடு நிற்காமல் வட்ட மருத்துவமனைகளிலும் குடிநோய்க்கு வைத்தியம் வேண்டும் என்றும் எழுதினோம். கடைசியாக, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய புதுச்சேரிப் பகுதிகளில் மது விலை தமிழ்நாட்டு விலைக்குக் குறையக் கூடாது, 2020ல் செய்ததை நிரந்தரமாகச் செய்யுங்கள் என்று ஒரு கோரிக்கை. சென்னைக்கு ஒரு பிரதி, புதுச்சேரி ஆளுநர் மாளிகைக்கு ஒரு பிரதி, டெல்லிக்கு ஒரு பிரதி.

அதை எடுத்துக்கொண்டு மறுபடியும் அதே தெருவுக்குப் போனோம். அந்தத் தாய் இருந்தார். படிக்கத் தெரியாது, நீயே படி பாய் என்றார். முழுவதும் படித்துக் காட்டினேன். நடுவில் இரண்டு முறை கொட்டாவி விட்டார். எல்லை விலை பற்றிய கடைசி வரி வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதப் போயி கடைசில எழுதி வெச்சுக்கிற? மொதல்ல போடு பாய்."

முதலில் போட்டுவிட்டோம். பெருவிரல் ரேகை வைத்திருக்கிறார். கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் வரை உள்ள ஜமாஅத்துகளும் மீனவப் பஞ்சாயத்துகளும் மனுவின் பிரதி வேண்டுமென்றால் நம் அமைப்பின் கிளை நிர்வாகிகளிடம் பெற்றுக்கொள்ளலாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு காலாப்பட்டுக்குப் போகிறோம். அந்தப் பக்கத்துத் தாய்மார்களும் கையெழுத்துப் போட வேண்டும்.